கணக்கில் தீரும் குப்பை, கால்வாயில் தீருமா?

2005-ம் ஆண்டு ஜூலை 26-ந் தேதியை மும்பை மக்கள் எளிதில் மறந்துவிட மாட்டார்கள். சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் அன்று ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. மித்தி நதி கரை புரண்டது. குர்லாவிலும் சயானிலும் தாராவியிலும் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர். வெள்ளம் வடிந்தபின் சாக்கடைகளைப் பார்த்தால், எங்கும் பிளாஸ்டிக் பைகளும் உறைகளும் அடைத்துக் கிடந்தன.

பழி பல பக்கம் போயிற்று. மழையைக் குறை கூறினார்கள். மாநகராட்சியைக் குறை கூறினார்கள். குப்பையைத் தெருவில் போடும் மக்களைக் குறை கூறினார்கள். அந்தப் பையைச் செய்து விற்றவரைப் பற்றிய பேச்சு மிகக் குறைவாகவே எழுந்தது. அடுத்த ஆண்டு மகாராஷ்டிர அரசு, 50 மைக்ரானுக்குக் குறைந்த பைகள் கூடாது என்று விதி கொண்டுவந்தது. அதோடு விஷயம் நின்றது. சாக்கடையில் கிடந்த பைக்கு அப்போது முகவரி இல்லை.

இன்று முகவரி உண்டு. ஒரு பொருளை உறையில் அடைத்து விற்கிறவரே அந்த உறை குப்பையான பிறகும் அதற்குப் பொறுப்பு என்று இந்தியச் சட்டம் சொல்கிறது. எத்தனை டன் உறையைச் சந்தைக்கு அனுப்பினார், எத்தனை டன்னைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்குக் கொடுத்தார் என்று ஆண்டுதோறும் அவர் கணக்குக் காட்டியாக வேண்டும். நாடு முழுவதற்கும் ஒரே இணையத்தளத்தில் அந்தக் கணக்குத் தாக்கலாகிறது.

இது நல்ல முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆனால் கணக்கு நேரானால் சாக்கடை நேராகிவிடுமா? அங்கேதான் சிக்கல் இருக்கிறது.

பொறுப்பு யாருடையது?

உற்பத்தியாளர் பொறுப்பு என்ற கொள்கை ஐரோப்பாவில் பிறந்தது. 1990-ம் ஆண்டில் சுவீடன் நாட்டு அறிஞர் தாமஸ் லிண்ட்க்விஸ்ட் இதற்குப் பெயர் கொடுத்தார். 1991-ல் ஜெர்மனி சட்டம் இயற்றி, பெட்டி, புட்டி, டப்பா ஆகியவற்றைத் திரும்பப் பெறும் கடமையை விற்கிறவர் தலையில் வைத்தது. அதன் அடிப்படை எளிமையானது. குப்பையை அள்ளும் செலவு மாநகராட்சியின் செலவாக, அதாவது வரி கட்டும் மக்களின் செலவாக இருக்கும் வரை, உற்பத்தியாளருக்கு உறையைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணமே வராது. அந்தச் செலவு அவருடைய பெட்டிக்குத் திரும்பி வந்தால், தேவையில்லாத உறை தானாகவே குறையும்.

இந்தியாவில் 2011-ம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு விதிகளில் இந்தக் கொள்கை முதலில் தலைகாட்டியது. 2016-ம் ஆண்டு மார்ச் மாதம் வந்த புதிய விதிகள் அதை அழுத்தமாகச் சொல்லின. ஆனால் ‘எவ்வளவு, எப்போது, எப்படி’ என்பதற்கு அவற்றில் தெளிவான விடை இல்லை. தெளிவான அளவு 2022-ம் ஆண்டு பிப்ரவரி 16-ந் தேதி வெளியான வழிகாட்டு நெறிகளோடுதான் வந்தது.

அந்த நெறிகள் உறைகளை நான்கு வகையாகப் பிரித்தன. பாட்டில், டப்பா போன்ற கெட்டிப் பிளாஸ்டிக் முதல் வகை. பால் உறை, சோப்புத்தூள் உறை, கடைப்பை போன்ற மெல்லிய பிளாஸ்டிக் இரண்டாவது. பிளாஸ்டிக்கோடு அலுமினியத் தகடோ காகிதமோ சேர்த்து ஒட்டிய பல அடுக்கு உறை மூன்றாவது. மக்கும் தன்மையுள்ள பிளாஸ்டிக் நான்காவது.

விற்ற அளவில் எவ்வளவுக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்பதும் படிப்படியாக உயர்த்தப்பட்டது. 2021-22-ம் ஆண்டுக்கு 25 சதவிகிதம், அடுத்த ஆண்டுக்கு 70 சதவிகிதம், 2023-24 முதல் முழுமையாக 100 சதவிகிதம். அதில் மறுசுழற்சி செய்தே தீரவேண்டிய குறைந்தபட்ச அளவும் உண்டு. 2024-25-ல் கெட்டிப் பிளாஸ்டிக்கில் 50 சதவிகிதம், மெல்லிய உறையிலும் பல அடுக்கு உறையிலும் 30 சதவிகிதம் என்று தொடங்கி, ஆண்டுக்குப் பத்துப் பத்தாக ஏறி, 2027-28-ல் முறையே 80, 60, 60 சதவிகிதத்தை எட்டவேண்டும் என்று அட்டவணை வகுக்கப்பட்டது. மறுசுழற்சி செய்ய முடியாததை சாலை போடவும், சிமெண்ட் சூளையில் எரிக்கவும், எண்ணெயாக்கவும் கொடுத்துக் கணக்கை முடிக்கலாம். பிளாஸ்டிக் கழிவைத் தாரோடு கலந்து சாலை போடும் முறையை உருவாக்கியவர் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் என்பதும், அதற்காக 2018-ல் அவர் பத்மஸ்ரீ விருது பெற்றார் என்பதும் இங்கே நினைவுகூரத் தக்கவை.

பல மாநிலம், ஒரே பதிவேடு

இந்தியாவில் 28 மாநிலங்களும் 8 யூனியன் பிரதேசங்களும் உள்ளன. ஒவ்வொன்றிலும் மாசுக் கட்டுப்பாட்டுக்கென்று தனி வாரியமோ குழுவோ இருக்கிறது. மும்பையில் செய்த பிஸ்கட் மதுரையிலும் விற்கிறது, கௌகாத்தியிலும் விற்கிறது. இந்த ஒரு பிஸ்கட் உறைக்காக அதன் உற்பத்தியாளர் 36 அலுவலகங்களின் வாசலில் நிற்க முடியுமா? 

இதற்கு 2018-ம் ஆண்டுத் திருத்தம் வழி செய்தது. ஒன்று அல்லது இரண்டு மாநிலங்களில் மட்டும் வியாபாரம் செய்பவர் அந்தந்த மாநில வாரியத்தில் பதிவு செய்துகொள்ளலாம். இரண்டுக்கு மேற்பட்ட மாநிலங்களில் வியாபாரம் உள்ளவர் டில்லியில் உள்ள மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். 2022 முதல் இந்த இரு தரப்பாரும் ஒரே இணையத்தளத்தின் மூலமே விண்ணப்பிக்கிறார்கள்.

சொல்வதற்கு இது எளிது. உள்ளே நுழைந்தால் பல அறைகள் இருக்கின்றன. உறையைச் செய்பவர் ‘உற்பத்தியாளர்’. வெளிநாட்டிலிருந்து உறையையோ உறையிட்ட பொருளையோ கொண்டுவருபவர் ‘இறக்குமதியாளர்’. தம் பெயரைப் பொறித்து விற்பவர் ‘பிராண்டு உரிமையாளர்’. ஒரே நிறுவனம் மூன்று வேலையும் செய்தால் மூன்று பதிவு வேண்டும். ஒரு வகையிலேயே வெவ்வேறு மாநிலங்களில் தொழிற்கூடம் இருந்தால், அவற்றுக்கும் தனித்தனிப் பதிவு வேண்டும். ஒரே மாநிலத்துக்குள் பல கூடங்கள் இருந்தால் மட்டும் ஒரு பதிவு போதும்.

கணக்கு எழுதுவதும் லேசான காரியமல்ல. கடந்த இரண்டு நிதியாண்டுகளில் விற்ற உறையின் சராசரி எடை எவ்வளவு, தொழிற்கூடத்திலேயே வீணான உறை எவ்வளவு, பொறுப்பை ஏற்கும் வேறு நிறுவனத்துக்கு விற்றது எவ்வளவு என்று கூட்டிக் கழித்து அந்த ஆண்டின் கடமை நிர்ணயிக்கப்படுகிறது. எல்லாவற்றுக்கும் ஜி.எஸ்.டி. ரசீது ஆதாரம். ஒவ்வொரு ஆண்டும் ஜூன் 30-ந் தேதிக்குள் முந்தைய நிதியாண்டின் கணக்கு தாக்கலாக வேண்டும். இந்தக் கெடு நீட்டிக்கப்பட்ட ஆண்டுகளும் உண்டு.

2025-ம் ஆண்டு ஜூலை 1 முதல் இன்னொன்றும் சேர்ந்தது. உறையின் மேல் பார்கோடு அல்லது கியூ.ஆர். கோடு மூலமாகவோ, பொருள் விவரத் தாள் மூலமாகவோ, சட்டப்படி பெற்ற தனி எண் மூலமாகவோ பதிவு விவரம் தெரிய வேண்டும். சாக்கடையில் கிடக்கும் உறையை எடுத்துப் பார்த்தால் சொந்தக்காரர் யார் என்று தெரிய வழி பிறந்திருக்கிறது.

முறுக்கு வியாபாரியின் நிலை

இதெல்லாம் பெரிய கம்பெனிகளின் விவகாரம் என்று சிறுவியாபாரிகள் எண்ணக்கூடும். அப்படி முழுவதும் தள்ளிவிட முடியாது.

தாராவியில் முறுக்கும் சேவும் செய்து, தம் பெயர் அச்சிட்ட உறையில் அடைத்து விற்கும் ஒரு தமிழரை எடுத்துக்கொள்வோம். சரக்கு சூரத்துக்குப் போகிறது, பெங்களூருக்குப் போகிறது, திருநெல்வேலிக்கும் போகிறது. மாநிலங்கள் இரண்டைத் தாண்டிவிட்டன. அவர் டில்லி வாரியத்தில் பதிவு செய்ய வேண்டுமா?

குறுந்தொழிலாகவோ சிறுதொழிலாகவோ இருந்தால் வேண்டியதில்லை. பிராண்டு உரிமையாளர் என்ற முறையில் அவருக்கு விலக்கு உண்டு. 2025 ஏப்ரல் முதல், முதலீடு 25 கோடி ரூபாய்க்கும் ஆண்டு விற்பனை 100 கோடி ரூபாய்க்கும் மேற்படாத தொழில் சிறுதொழில் என்ற வரம்புக்குள் வருகிறது. ஆனால் இதைக் காட்ட ‘உத்யம்’ பதிவு கையில் இருக்க வேண்டும். பல ஆண்டுகளாகத் தொழில் செய்தும் அந்தப் பதிவைப் பெறாமலேயே இருப்பவர்கள், கேள்வி வரும் நாளில் விலக்குக்கு ஆதாரம் இல்லாமல் நிற்க நேரும்.

அவருக்கு விலக்கு என்றால் அந்த உறையின் பொறுப்பு என்ன ஆயிற்று? அது மறையவில்லை, ஒரு படி மேலே ஏறியது. அவருக்கு உறை அச்சிட்டுக் கொடுத்தவர் பொறுப்பு. அவரும் சிறுதொழிலாளி என்றால், 2024-ம் ஆண்டு மார்ச் மாதத் திருத்தப்படி, அவருக்குப் பிளாஸ்டிக் மூலப்பொருள் விற்ற பெரிய ஆலையோ இறக்குமதியாளரோ பொறுப்பு. மேலே ஏறிய பொறுப்பு விலையாகக் கீழே இறங்கத்தான் செய்யும். உறையின் கிலோ விலையில் அது சேரும். ஆக, முறுக்கு வியாபாரி படிவம் நிரப்பாவிட்டாலும் பணம் கொடுக்கிறார்.

இன்னொரு நிபந்தனையும் கவனிக்கத்தக்கது. பதிவு செய்த நிறுவனம், பதிவு செய்ய வேண்டியிருந்தும் செய்யாத நிறுவனத்தோடு கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ளக் கூடாது என்று விதி இருக்கிறது. இதனால் பெரிய அங்காடிகளும் இணைய வணிக நிறுவனங்களும் சரக்கு வாங்குமுன் ‘பதிவு எண் எங்கே, அல்லது சிறுதொழில் சான்று எங்கே’ என்று கேட்கின்றன. காகிதம் இல்லாதவருக்குச் சந்தையின் கதவு மெல்ல மூடிக்கொள்ளும். முறுக்கின் ருசி அங்கே உதவாது.

கடலுக்கு அப்பால்

இந்தத் தொல்லை இந்தியாவுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் உறைப் பொறுப்புக்கு மத்தியச் சட்டமே இல்லை. 2021-ல் மெய்ன் மாநிலம் தொடங்கிவைக்க, ஆரிகன், கொலராடோ, கலிபோர்னியா, மின்னசோட்டா, மேரிலாந்து, வாஷிங்டன் என 2025-க்குள் ஏழு மாநிலங்கள் தத்தமக்குச் சட்டம் செய்துகொண்டன. ஒவ்வொன்றிலும் வரையறை வேறு, விலக்கு வேறு, தேதி வேறு. ஐரோப்பிய ஒன்றியத்திலும் 27 நாடுகளுக்கும் தனித்தனிப் பதிவேடு. அவற்றை ஒரே ஒழுங்கில் கொண்டுவர 2024 டிசம்பரில் ஒரு பொது ஒழுங்குமுறை இயற்றப்பட்டு, 2026 ஆகஸ்ட் 12 முதல் பொதுவாக நடைமுறையாகும்படி நாள் குறிக்கப்பட்டது.

அதை நோக்க, ஒரே தேசத்துக்கு ஒரே இணையத்தளம் என்ற இந்திய ஏற்பாடு நிர்வாக நோக்கில் மேலானது. பல மாநிலங்களில் கணக்குக் காட்டும் சிரமத்தை அது பெருமளவு குறைத்துவிட்டது. ஆனால் சிரமத்தோடு கூடவே வேறொன்றும் அந்தக் கணக்கிலிருந்து நழுவிப் போயிற்று. ‘எந்த ஊர்’ என்ற கேள்விதான் அது.

சான்றிதழ்ச் சந்தை

நிறுவனம் தன் கடமையை எப்படி நிறைவேற்றுகிறது? தெருவில் இறங்கித் தன் உறையைத் தேடிப் பொறுக்குவதில்லை. அது நடக்கக்கூடியதும் அல்ல. பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலை, தான் பதப்படுத்திய பிளாஸ்டிக்கின் எடைக்கு ஏற்பச் சான்றிதழ் உண்டாக்குகிறது. நிறுவனம் அந்தச் சான்றிதழை வாங்கித் தன் கணக்கில் வரவு வைக்கிறது. ஒரு நிறுவனத்திடம் மிஞ்சிய சான்றிதழை இன்னொன்று வாங்கலாம். வகை மாறக்கூடாது என்பதே நிபந்தனை. பாட்டிலுக்குப் பாட்டில், மெல்லிய உறைக்கு மெல்லிய உறை.

சான்றிதழின் விலைக்கும் எல்லை கட்டப்பட்டிருக்கிறது. கடமை தவறியவர் கட்டவேண்டிய சுற்றுச்சூழல் இழப்பீட்டுத் தொகையில் 30 சதவிகிதத்துக்குக் குறையாமலும், 100 சதவிகிதத்தை மிஞ்சாமலும் அது இருக்க வேண்டும். இழப்பீடு கட்டிவிட்டால் கடமை தீர்ந்துவிடாது. மூன்று ஆண்டுகள் வரை அது தொடர்ந்து வரும். முதல் ஆண்டுக்குள் கடமையை முடித்தால் கட்டிய பணத்தில் 75 சதவிகிதமும், இரண்டாம் ஆண்டில் 60, மூன்றாம் ஆண்டில் 40 சதவிகிதமும் திரும்பக் கிடைக்கும்.

ஏட்டில் இது நேர்த்தியான ஏற்பாடு. ஆனால் எங்கே சான்றிதழுக்கு விலை உண்டோ, அங்கே போலிச் சான்றிதழும் பிறக்கும். 2023-ல் மத்திய வாரியம் மறுசுழற்சி ஆலைகளைத் தணிக்கை செய்தபோது, நான்கு நிறுவனங்கள் மட்டும் சுமார் 6 லட்சம் போலிச் சான்றிதழ்களை உண்டாக்கியிருந்தது தெரியவந்தது. ஆலையில் பிளாஸ்டிக் வந்து சேரவில்லை, கணினியில் மட்டும் எடை ஏறியது. வாங்கிய நிறுவனங்களின் கணக்கு சுத்தமாயிற்று. குப்பை இருந்த இடத்திலேயே இருந்தது.

போலியைப் பிடித்துவிடலாம். மின்சாரக் கட்டணம், லாரிப் போக்குவரத்து, ஆலையின் கொள்ளளவு ஆகியவற்றைச் சான்றிதழோடு ஒப்பிட்டால் பொய் வெளிப்படும். ஆனால் உண்மையான சான்றிதழிலும் ஒரு குறை இருக்கிறது. அது அதிகம் பேசப்படுவதில்லை.

ஊர் இல்லாத எடை

எந்த மாநிலத்தில் எவ்வளவு என்ற விவரத்தை நிறுவனம் பதிவின்போது தருகிறது. ஆனால் கடனைத் தீர்க்கும்போது வகையும் எடையும் மட்டுமே பார்க்கப்படுகின்றன. எந்த மாநிலத்தில் விற்ற உறைக்கு எந்த மாநிலத்தில் மறுசுழற்சி நடந்தது என்று பொருத்திப் பார்க்கும் கட்டாயம் இல்லை. மேகாலயத்திலும் நீலகிரியிலும் மும்பையிலும் விற்ற ஷாம்பு உறைக்கு, குஜராத்தில் ஓர் ஆலையில் அரைத்த பிளாஸ்டிக்கின் சான்றிதழ் ஈடாகிவிடுகிறது.

இதன் விளைவு என்ன? மறுசுழற்சி ஆலைகள் தொழில் நகரங்களைச் சுற்றியே அமைந்திருக்கின்றன. எங்கே கழிவு சுலபமாகவும் சுத்தமாகவும் கிடைக்கிறதோ, அங்கிருந்தே சான்றிதழ் மலிவாகப் பிறக்கும். மலையிலும் தீவிலும் கடைக்கோடிக் கிராமத்திலும் கிடக்கும் உறையைச் சேர்த்து லாரியில் ஏற்றி ஆலைக்குக் கொண்டுவரும் கூலி, உறையின் மதிப்பைவிட அதிகம். எனவே எந்த நிறுவனமும் அங்கே போகாது. நாட்டுக் கணக்கில் 100 சதவிகிதம் என்று இருக்கும்போதே, ஒரு மலைமாவட்டத்தில் பூஜ்யம் என்று இருக்க முடியும். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. விதி மீறலும் இல்லை.

ஆண்டுக்குச் சுமார் 40 லட்சம் டன் பிளாஸ்டிக் கழிவு இந்தியாவில் உண்டாவதாக மத்திய வாரியத்தின் அறிக்கைகள் கூறுகின்றன. அதை நாள்தோறும் கூட்டி அள்ளுவது யார்? ஊராட்சியும் நகராட்சியும் மாநகராட்சியும்தான். சான்றிதழுக்கு நிறுவனம் கொடுக்கும் பணம் மறுசுழற்சி ஆலைக்குப் போகிறது. துடைப்பம் பிடித்தவருக்கும், அவருக்குச் சம்பளம் கொடுக்கும் நகராட்சிக்கும் அதில் பங்கு கிடைத்தே தீரும் என்ற ஏற்பாடு இல்லை. குப்பை அள்ளும் செலவை மக்கள் தலையிலிருந்து இறக்கி உற்பத்தியாளர் தலையில் வைப்பதே இந்தக் கொள்கையின் உயிர் என்றால், அந்த உயிர் பாதி வழியிலேயே நின்றுவிட்டது.

தாராவியின் கணக்கு

இந்த முரண்பாட்டை மும்பையில் நேரில் பார்க்கலாம். தாராவியின் 13-ம் காம்பவுண்டில் பல தலைமுறைகளாகப் பிளாஸ்டிக் பிரிக்கும் தொழில் நடக்கிறது. பங்கார் கடைகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் டப்பாக்களை நிறம் பார்த்து, தரம் பார்த்து, நெருப்பில் காட்டி மணம் பார்த்துப் பிரிக்கிறார்கள். அரைத்து, கழுவி, கூரையில் காயவைத்து, மணிகளாக்கி மூட்டை கட்டுகிறார்கள். உத்தரப்பிரதேசத்தார், பீகார்காரர்கள், தமிழர்கள் எனப் பல மாநிலத்தாரின் உழைப்பு அதில் இருக்கிறது. சட்டம் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே மறுசுழற்சியை நடத்திக் காட்டியவர்கள் இவர்கள்.

ஆனால் சான்றிதழ் கொடுக்கும் உரிமை பதிவு பெற்ற ஆலைக்கே உண்டு. பதிவுக்கு வாரியத்தின் அனுமதி வேண்டும், ஜி.எஸ்.டி. எண் வேண்டும், சட்டப்படியான இடம் வேண்டும். தகரக் கூரையின் கீழ் பத்தடி அறையில் தொழில் செய்பவருக்கு இவை எளிதில் கிட்டுவதில்லை. ஆகவே அவர் பிரித்த பிளாஸ்டிக் கிலோ கணக்கில் கைமாறி, எங்கோ ஒரு பதிவு பெற்ற ஆலையில் சான்றிதழாக மலர்கிறது. அந்தச் சான்றிதழின் விலையில் அவருக்குப் பங்கில்லை. தாராவி மறுசீரமைப்புப் பணிகள் தொடங்கிவிட்ட நிலையில், இந்தத் தொழிற்கூடங்கள் நாளை எங்கே இருக்கும் என்ற கவலையும் அவர்களுக்குச் சேர்ந்திருக்கிறது. இந்த அறைகள் கலைந்தால், மும்பையின் பிளாஸ்டிக்கைப் பிரிக்கும் கைகளும் கலையும்.

வேறு வழி இல்லாமலும் இல்லை. புனேயில் குப்பை சேகரிக்கும் தொழிலாளர்களே அமைத்துக்கொண்ட ‘ஸ்வச்’ என்ற கூட்டுறவு அமைப்பு, 2008 முதல் மாநகராட்சியோடு ஒப்பந்தம் செய்து வீடு வீடாகக் கழிவு சேகரித்து வருகிறது. யாரும் விலை கொடுத்து வாங்காத பல அடுக்கு உறையைக்கூட, நிறுவனப் பணம் வந்தபோது அவர்கள் தனியாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். கூலி கிடைத்தால் எந்த உறையும் தெருவில் கிடக்காது என்பதற்கு அது சாட்சி.

மாநிலங்களின் சட்டம்

இன்னொரு குழப்பம் மாநிலத் தடைகள். கர்நாடகம் 2016-லும், மகாராஷ்டிரம் 2018-லும், தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதலும் பிளாஸ்டிக் கடைப்பைகளைத் தடிமன் பாராமல் தடை செய்தன. மத்திய விதியோ, 2022 டிசம்பர் 31 முதல் 120 மைக்ரானுக்குக் குறைந்த பை கூடாது என்கிறது. அதாவது, அதற்குத் தடித்த பை மத்திய விதிப்படி ஆகும், இந்த மூன்று மாநிலங்களிலும் ஆகாது. பல மாநிலங்களுக்குச் சரக்கு அனுப்புபவர் டில்லி விதியை மட்டும் படித்துவிட்டு லாரியை அனுப்பினால், எல்லை தாண்டியதும் அபராதம் கட்ட நேரும்.

மாநிலங்கள் கடுமையாக இருப்பதில் தவறில்லை. மழையில் மூழ்குவது அவற்றின் நகரங்கள்தான். ஆனால் ஒவ்வொரு மாநிலத்தின் தடைப் பட்டியலும் மத்திய இணையத்தளத்திலேயே ஒரே இடத்தில் கிடைக்கும்படி செய்தால், நேர்மையாக நடக்க விரும்பும் வியாபாரி தெரியாமல் குற்றவாளியாக வேண்டிய அவசியம் இராது. அபராதம் சிறு தொகையும் அல்ல. 2024 ஏப்ரல் முதல், சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 10 ஆயிரம் ரூபாயிலிருந்து 15 லட்சம் ரூபாய் வரை விதிக்க இடமிருக்கிறது.

பிளாஸ்டிக்கோடு இது நிற்கப்போவதுமில்லை. காகிதம், கண்ணாடி, உலோகம் ஆகியவற்றால் ஆன உறைகளுக்கும் இதே பொறுப்பை விரிவாக்கும் வரைவு விதிகளை மத்திய அரசு 2024 டிசம்பரில் வெளியிட்டது. இன்று பிளாஸ்டிக் கணக்கில் உள்ள குறை நாளை எல்லாக் கணக்கிலும் வந்து உட்காரும்.

செய்யத்தக்கது என்ன?

‘எந்த ஊர்’ என்ற கேள்வியை மீண்டும் கணக்கில் சேர்த்தால் நிறுவனங்கள் ஆட்சேபிக்கும். மாநிலவாரியாகக் கடமையைப் பிரித்தால் பழையபடி 36 அலுவலகம் ஏற வேண்டிவரும் என்று அவை சொல்லும். இந்த ஆட்சேபத்தில் ஓரளவு நியாயம் இருக்கிறது. ஒரு மாநிலத்தில் மொத்த வியாபாரியிடம் விற்ற சரக்கு எந்த மாநிலத்தில் பிரிக்கப்பட்டது என்று துல்லியமாகச் சொல்ல முடியாது என்பதும் உண்மையே.

ஆனால் ஒரே பதிவேட்டுக்குள்ளேயே மாநிலத்துக்கு ஒரு பத்தி சேர்ப்பதற்கு இன்னொரு அலுவலகம் தேவையில்லை. முழுக் கடமையையும் ஊர்வாரியாகப் பிரிக்க வேண்டாம். அதில் ஒரு பகுதியையாவது, ஆலை இல்லாத மலைமாநிலங்களிலும் தொலைதூர மாவட்டங்களிலும் நிறைவேற்ற வேண்டும் என்று வைக்கலாம். அல்லது அங்கே சேகரித்த ஒரு டன்னுக்கு அதிக மதிப்புக் கொடுக்கலாம். கூடுதல் லாரிக் கூலியை அது ஈடுகட்டும்.

இரண்டாவது, சான்றிதழின் விலையில் ஒரு பங்கு கழிவு எங்கிருந்து வந்ததோ அந்த உள்ளாட்சிக்கும், அதைப் பிரித்த தொழிலாளர்களின் சங்கத்துக்கும் போய்ச் சேர வேண்டும். மூன்றாவது, சிறு பிரிப்பாளர்கள் பலர் ஒன்றாகக் கூடிக் கூட்டுறவாகப் பதிவு பெற வழி வேண்டும். தனி அறைக்குக் கிடைக்காத அனுமதி, ஒரு பொதுக் கூடத்துக்குக் கிடைக்கலாம்.

திரும்பப் பெறுவது நடக்கிற காரியமா என்று கேட்போருக்கு நீலகிரி விடை சொல்கிறது. வனப்பகுதிகளில் உடைந்து கிடக்கும் மதுப்புட்டிகளால் யானைகளுக்குக் காயம் ஏற்படுவதைக் கண்ட சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி, 2022-ல் அங்கே அரசு மதுக்கடைகளில் புட்டிக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப்புட்டி கொடுத்தால் திருப்பித் தரும் முறை தொடங்கியது. புட்டிகளில் பெரும்பாலானவை திரும்பி வந்தன. பின்னர் மற்ற மாவட்டங்களுக்கும் அது விரிவாக்கப்பட்டது. அதே ஆண்டில் கேதார்நாத் யாத்திரைப் பாதையிலும் பிளாஸ்டிக் பாட்டில்களுக்கு இவ்வாறே வைப்புத்தொகை முறை வந்தது. இரண்டு இடங்களிலும் கணக்கு எடையில் இல்லை, இடத்தில் இருந்தது. அந்த மலையில் விற்றது, அந்த மலையிலேயே திரும்பியது.

எல்லா உறைக்கும் இது பொருந்தாது. ஒரு ரூபாய் ஷாம்பு உறைக்கு யாரும் வைப்புத்தொகை வாங்க முடியாது. அப்படித் திரும்பப் பெறவே முடியாத உறையை எதற்காக ஒரு நிறுவனம் கோடிக்கணக்கில் சந்தைக்கு அனுப்ப வேண்டும் என்ற கேள்வியும் அங்கிருந்துதான் பிறக்கிறது. உறையைக் குறைக்க வைக்காத பொறுப்பு, முழுப் பொறுப்பு ஆகாது.

பல மாநிலங்களின் கணக்கை ஓர் ஏட்டில் கொண்டுவந்தது பெரிய வேலை. அதைக் குறை சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஏடு சொல்வதைத் தெருவில் போய்ச் சரிபார்க்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதம் இரண்டு விஷயங்கள் சேர்ந்து வருகின்றன. டில்லியில் நிறுவனங்கள் கணக்குத் தாக்கல் செய்யும் கெடு முடிகிறது. மும்பையில் பருவமழை தொடங்குகிறது. இணையத்தளத்தில் 100 சதவிகிதம் என்று காட்டுகிற அதே வாரத்தில் மித்தி நதி என்ன காட்டுகிறது என்பதைப் பார்த்தால், இந்தச் சட்டம் எவ்வளவு தூரம் நடந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும்.